சம்பந்தியின் ஊக்கு

துளசிமணியின் உதடுகளுக்கு நடுவே நாலைந்து ஊக்குகள் இருந்தன. அவை அங்கே இருக்கும்வரை அவளிடமிருந்து உருப்படியான பதில் ஒன்றும் வராது என்பது நாச்சிமுத்துவுக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரிந்துபோன விஷயம். இருந்தும் கேட்டார். "துளசி, இதையக் குத்தறதா, வேண்டாமா?" கண்ணாடியைப் பார்த்தபடியே அவள் "ம்ம்" என்றாள். அந்த ம்ம் குத்துங்க என்பதா, கொஞ்சம் பொறுங்க என்பதா, மனுஷியை மடிப்பு வைக்க விடுங்க என்பதா, யார் கண்டது. கட்டிலின் ஓரத்தில் முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அவர். சேர்த்து வைத்தே தீர வேண்டிய உடுப்பு. பச்சையும் நீலமுமாகக் கட்டம் போட்ட கம்பளித் துணி, முன்னால் தட்டையாக, பின்னால் மடிப்பு மடிப்பாக வந்து முழங்காலோடு நின்றுவிட்டது. மாப்பிள்ளை ஊரில் ஆண்கள் விசேஷத்துக்குக் கட்டுவது, கில்ட் என்கிறார்கள். துளசிமணி பாவாடை என்கிறாள். "அம்மா, அவங்க முன்னால அப்பிடிச் சொல்லிராதீங்க" என்று மகள் மிருதுளா விமான நிலையத்திலேயே எச்சரித்திருந்தாள். நாச்சிமுத்துவின் உள்ளங்கையில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் பஞ்சின்மேல் ஓர் ஊக்கு. ஊக்கு என்றால் துளசிமணி வாயில் வைத்திருக்கிற ரகம் அல்ல. வெள்ளியில், சிறு வாள் வடிவத்தில், பிடியில் ஊதாக் கல் பதித்தது. செத்துப்போன ஒரு மனிதருடையது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வண்டி வரும். மகளைக் கைபிடித்து அழைத்துப் போய் மாப்பிள்ளை பக்கத்தில் விட வேண்டும். அதற்குள் இந்த வாளைக் குத்துவதா வேண்டாமா, குத்துவதென்றால் எங்கே குத்துவது என்று முடிவு செய்தாக வேண்டும்.

நேற்றுச் சாயங்காலம் மாப்பிள்ளையின் அம்மா மோராக் இதைக் கொண்டுவந்து கையில் வைத்தாள். பெரிய உருவம், சிவந்த கன்னம், ஒவ்வொரு சொல்லையும் உருட்டி உருட்டித் தள்ளுகிற இங்கிலீஷ். பாதி புரியும், மீதியை முகத்தைப் பார்த்து நிரப்பிக்கொள்ள வேண்டும். இது இயனுடையது, கில்ட்டில் குத்திக்கொள்வது, உங்களுக்கு விருப்பமிருந்தால், விருப்பமிருந்தால் மட்டும் என்றாள். இயன் அவள் புருஷன், மாப்பிள்ளை டங்கனுடைய அப்பா. தபால் வண்டி ஓட்டியவர். நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. குத்திக்கொள்ளுங்கள் என்று அதிகாரமாகச் சொல்லியிருந்தால் வம்பே இல்லை, குத்திக்கொண்டு போயிருப்பார். விருப்பமிருந்தால் என்று ஒரு சொல்லைச் சேர்த்துத் தொலைத்துவிட்டாள். நாச்சிமுத்து மின்வாரியத்தில் லைன் பார்த்து ஓய்வு பெற்றவர். மேலே இருப்பவர் சொன்னால் செய்வார். தானாக, சோதித்துப் பார்க்காமல் ஒரு கம்பியையும் தொடமாட்டார். அப்படிப்பட்டவர் கையில் கொடுத்து உன் இஷ்டம் என்றால் அவர் என்ன செய்வார்? இரவெல்லாம் புரண்டு படுப்பார். சரி, யாரைச் சொல்லி என்ன, இந்த உடுப்பைப் போடச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவே இல்லை. ஈரோட்டில் முதலில் நம் முறைப்படி நடந்த கல்யாணத்தில் டங்கன் பட்டு வேட்டியோடு மணவறையில் உட்கார்ந்ததைப் பார்த்துப் பூரித்துப்போய், பந்தியில் ஒறம்பரைச் சொந்தங்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி, "உங்க ஊர்ல கல்யாணம் வெக்கறப்ப உங்க உடுப்புலயே வாறனுங்க மாப்ளே" என்று இவரேதான் வாயைக் கொடுத்தார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை. வேட்டியாக இருந்தாலாவது இறுக்கிக் கட்டிச் சமாளிக்கலாம். இதில் உள்ளே ஒன்றும் போடாமலிருப்பதுதான் முறை என்று டங்கன் சிரித்துக்கொண்டே சொன்னபோது, அந்த முறை உங்களுக்கே இருக்கட்டும் சாமி என்று மனசுக்குள் கும்பிட்டுவிட்டு, கோடு போட்ட டிராயரைப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டார். அது கீழே எட்டிப் பார்க்கிறதா என்று காலையில் துளசிமணி உட்காரச் சொல்லி, எழச் சொல்லி, மறுபடி உட்காரச் சொல்லிப் பார்த்தாள். பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அவள் அவரை இத்தனை உற்றுப் பார்த்ததில்லை.

வேட்டி விஷயத்தில் நாச்சிமுத்துவுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. பிறந்ததிலிருந்து, பிறந்ததிலிருந்து என்றால் கொஞ்சம் கூடுதல், மீசை முளைத்ததிலிருந்து, அவர் இடுப்பில் பெல்ட் கட்டி வேட்டியை நிறுத்தியது கிடையாது. ஒரு சுற்று, ஓர் இழுப்பு, ஒரு சொருகல். பஸ் பிடிக்க ஓடினாலும் சரி, அது அப்படியே நிற்கும். துளசிமணியின் தம்பி சென்னியப்பன் வேட்டிக்குமேல் பச்சைப் பெல்ட் போட்டுக்கொண்டு வருகிறபோதெல்லாம், "ஏம் மாப்ளே, கட்டத் தெரியலீன்னா பேன்ட்டப் போட்டுக்கிட்டு வாறது" என்பார். அந்தத் திமிரில்தான் டங்கனுக்கும் பெல்ட் கூடாது என்று தடுத்தார். தாரை வார்க்க எழுந்து நிற்கச் சொன்னபோது அந்தப் பையன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு கை மாலையைப் பிடித்திருக்கிறது, இன்னொரு கை இடுப்பை விட்டு வரமாட்டேனென்கிறது. முதலில் கண்டுபிடித்தவள் துளசிமணி. தாலிக்கொடியில் தொங்கிய ஊக்கை, எந்தக் காலத்திலிருந்தோ அங்கே தொங்குகிற ஊக்கை, ஒரே விரலால் கழற்றி மோராக்கின் கையில் கொடுத்தாள். அது இங்கே எப்படி வந்தது, தாலியில் போய் ஊக்கை மாட்டுவார்களா என்று கண்ணை அகல விரித்த மோராக், அடுத்த நொடி மகனுடைய இடுப்பில் வேட்டியையும் உள்ளே இருந்ததையும் சேர்த்து ஒரே குத்தாகக் குத்திவிட்டாள். நாதஸ்வரக்காரர் நிறுத்தவேயில்லை. அதற்கு முன்னால் சென்னியப்பன் காதோரம் வந்து, "புருஷன் இல்லாதவங்களுங்க மச்சான், அந்தம்மாவ முன்னால நிறுத்த வேண்டாமுங்க" என்று முணுமுணுத்ததும், நாச்சிமுத்து ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்ததும், துளசிமணி வந்து மோராக்கின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டதும் நடந்துதான் இருந்தது. அவள் எப்போதும் அப்படித்தான். இவர் மின்விசிறியைப் பார்த்து முடிப்பதற்குள் காரியம் ஆகியிருக்கும்.

ஆனால் ஒன்றுக்கு மட்டும் துளசிமணியாலும் வழி செய்ய முடியவில்லை. சம்பந்திகள் இரண்டு பேரும் மாலை போட்டுக்கொண்டு, சந்தனம் பூசிக்கொள்ளும் வேளை வந்தபோது, நாச்சிமுத்து ரோஜா மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரில் ஆள் இல்லை. போட்டோக்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு, "சம்பந்தி எங்கீங்க?" என்று நாலு பக்கமும் பார்த்தார். யாரோ விளக்கினார்கள். மாலை நாற்காலியின் கையில் கிடந்து, கடைசியில் டிரைவர் அதைக் கார் முன்னால் கட்டிக்கொண்டு போய்விட்டான். அது அவருக்கு இன்னும் ஆறவில்லை. மற்றவர்களுக்குப் பெண் கொடுத்தால் மாப்பிள்ளை கிடைப்பான். நாச்சிமுத்து ரொம்ப நாளாகக் காத்திருந்தது ஒரு சம்பந்திக்கு. வருஷத்துக்கு இரண்டு தடவை சண்டை போட, மூன்றாம் தடவை சேர்ந்து உட்கார்ந்து வெற்றிலை போட, இவர் வீட்டுச் சாப்பாட்டில் உப்பு இல்லையென்று அவர் குறை சொல்ல. அவர் வாசலுக்கு வரும்போது "வாங்க" என்று வாய் நிறையக் கேட்க. எங்கள் பக்கத்தில் அந்த ஒரு வார்த்தைக்குப் பெரிய விலை. பெரியப்பா மகன் ஒருத்தர் வீட்டுக்கு வந்தபோது நாச்சிமுத்து மோட்டார் ரூமில் இருந்தார், கவனிக்கவில்லை. வாங்கன்னு ஒரு வார்த்தை கேட்கலை என்று அவர் போட்ட தகராறு அவர் பேரன் பெயர் சூட்டு விழாவில்தான் தீர்ந்தது. இயன் எப்படிப்பட்ட ஆளோ. மோராக் வீட்டுக் கூடத்தில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது. கில்ட் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி, எதையோ பாதி சொல்லிக்கொண்டிருக்கிறார். டீக்கடையில் காசு நான்தான் கொடுப்பேன் என்று சட்டையைப் பிடிக்கிற ஆளின் முகம். பிடித்துப்போய்விட்டது. நேற்று அந்தப் போட்டோவுக்குக் கிட்டத்தில் போய் நின்று ஊக்கை எங்கே குத்தியிருக்கிறார் என்று பார்த்தார். சரியாக அந்த இடத்தை மறைத்துக்கொண்டு ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. நாயும் இப்போது உயிரோடு இல்லையாம்.

பயம்தான், வேறென்ன. வெளியில் சொன்னால் மிருதுளா சிரிப்பாள், அதனால் உள்ளேயே கிடந்து அரிக்கிறது. செத்தவர் பொருளை மேலே மாட்டிக்கொண்டு போய்ப் பெண்ணைக் கைபிடித்துக் கொடுப்பதா? நெஞ்சுவலியில் போனவர். அந்தப் பையனுக்கும் அதே நெஞ்சு, அதே ரத்தம். ஜன்னலுக்கு வெளியே தூறல் விட்டபாடில்லை, ரோடு பூராவும் வழுக்கும், இங்கே வண்டி ஓட்டுகிறவர்கள் வளைவில்கூட வேகம் குறைப்பதில்லை, அவசரத்துக்குக் கூப்பிட்டால் ஓடி வர ஒறம்பரை இல்லை, கடல் தாண்டி ஒற்றைப் பெண். நாளைக்கு ஒன்று என்றால், அன்றைக்கே அந்த ஊக்கைக் குத்தாமலிருந்திருக்கலாம் என்று ஆயுசு முழுக்கத் தோன்றாதா? குத்தாமல் போனால் ஒன்றும் வராது. ஒன்றும் வராதா? அந்தம்மா முகம் வாடும். வாடினதைக் காட்டிக்கொள்ளவும் மாட்டாள், விருப்பமிருந்தால் என்றுதானே சொன்னேன் என்று சிரிப்பாள். ஈரோட்டில் முன்னால் நிற்க வேண்டாம் என்றார்கள், இங்கே அவள் புருஷனையும் வேண்டாம் என்கிறோமா? இப்படி யோசித்துக்கொண்டே விரலில் கிடந்த மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். எந்த யோசனைக்கும் அந்த மோதிரத்தைத் திருகுவது அவர் பழக்கம். திருகிக்கொண்டிருந்த கை சட்டென்று நின்றது. மோதிரம் அப்பாவுடையது. அப்பாவைச் சுடுகாட்டுக்கு எடுக்கிறதற்கு முன்னால் விரலில் சோப்பு போட்டுக் கழற்றினார்கள். அதைப் போட்டுக்கொண்டுதான் இவர் காது குத்துக்கும் சீருக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் போனார். அதைப் போட்ட கையால்தான் மிருதுளாவைத் தாரை வார்த்தார். வார்த்த தண்ணீர் இந்தச் சிவப்புக் கல்மேல் ஓடித்தான் கீழே விழுந்தது. அன்றைக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை, இவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அப்படியென்றால் நம் வீட்டுச் சாவு சுபம், ஊரான் வீட்டுச் சாவுதான் தீட்டா? அட கெரகமே. அப்படியென்றால் இயன் ஊரானா? அங்கே போய் முட்டிக்கொண்டு நின்றது யோசனை. முன்னால் போகவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை.

யோசனை நின்றதும் கை வேலையைப் பார்த்தது. துளசிமணி தோள் மடிப்பில் மும்முரமாக இருக்கும்போதே, இவர் திருட்டுத்தனமாகப் பெட்டியைத் திறந்து வாளை எடுத்தார். குத்தித்தான் பார்ப்போமே, யாருக்குத் தெரியப்போகிறது. எங்கே என்பதில் பெரிய குழப்பமில்லை என்று பட்டது. இந்தத் துணி வலது பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து திறந்து கிடக்கிறது. ஊக்கு எதற்கு இருக்கிறது? பிரிந்ததைச் சேர்ப்பதற்கு. தொடையின் கீழ்ப்பக்கமாக, முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, மேல்துணியையும் கீழ்த்துணியையும் சேர்த்துப் பிடித்து, மோராக் அன்றைக்கு மகன் வேட்டியில் குத்தினாளே அதே மாதிரி, நறுக்கென்று குத்திப் பூட்டினார். காற்று அடித்தால் கவலையில்லை. மானம் பத்திரம். எழுந்து ஜன்னல்வரை போய்ப் பார்க்கலாமென்று முதல் அடி எடுத்து வைத்தார். இரண்டாவது அடி வரவில்லை. கால் பாதியில் நின்றது, உடம்பு முன்னால் போனது, கட்டிலின் கட்டையைப் பிடித்துக்கொண்டதால் தப்பினார். கீழே குனிந்தால் துணி பின்னாலிருந்து இழுக்கிறது, நிமிர்ந்தால் முன்னால் சுருங்குகிறது, உட்காரலாமென்றால் எங்கோ ஒரு நூல் "டப்" என்கிறது. வாடகைத் துணி! சாக்கில் போட்டுக் கட்டின கோழி கணக்காக நின்றுகொண்டு, மூச்சைப் பிடித்து வாளை உருவினார். துணியில் ஒரு நூல் வெளியே வந்து சுருண்டிருந்தது. எச்சில் தொட்டுத் தடவினார். போகவில்லை. வாளைப் பெட்டியில் போட்டு மூடினார். பார்த்தாயா, வேண்டாம் என்றுதான் சகுனம் சொல்கிறது என்று ஒரு பக்கம் நினைத்துக்கொண்டார். நினைத்ததில் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. மோராக்தான். நீலத் தொப்பியும் நீல உடுப்புமாக வாசலில் நின்று, வண்டி வந்துகொண்டிருக்கிறது என்றாள். அவள் பார்வை நாச்சிமுத்துவின் தலையிலிருந்து இறங்கி, கழுத்துப் பட்டை, கோட்டுப் பொத்தான், இடுப்பில் தொங்கிய தோல்பை எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு, வலது முழங்காலுக்கு மேலே வந்து நின்றது. அங்கே ஒன்றுமில்லை. ரொம்ப அழகாக இருக்கிறீர்கள் என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், அவர் பயந்த அதே சிரிப்பு. இவருக்குச் சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம். திரும்பப் போனவள் எதையோ கண்டு நின்றாள். கிட்டே வந்து குனிந்து, சுருண்டிருந்த நூலை விரலால் தொட்டாள். மேல்துணியைத் தூக்கி அடித்துணியைப் பார்த்தாள். அதிலும் ஓட்டை. நிமிர்ந்தபோது அவள் முகம் வேறாக இருந்தது. இரண்டையும் சேர்த்துக் குத்தினீர்களா என்று கேட்டாள். நாச்சிமுத்து திருடன் அகப்பட்டுக்கொண்டாற்போல் தலையை ஆட்டினார். மோராக் குலுங்கிச் சிரித்தாள், இந்தத் தடவை வயிற்றிலிருந்து. மேல்துணியை மட்டும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துக் காட்டினாள். இதில் மட்டும்தான், இந்த ஓரமாக. அடியில் இருப்பதைத் தொடக்கூடாது, தொட்டால் நடக்க முடியாது. எங்கள் கல்யாணத்தன்று இயனும் இதைத்தான் செய்தான், சர்ச் படியில் குப்புற விழுந்தான் என்றாள். நாச்சிமுத்துவுக்கு இது விளங்கவில்லை. தனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் கூட்டிச் சேர்த்து, அப்படியென்றால் இது எதைத்தான் பிடித்து வைத்திருக்கிறது என்று கேட்டார். மோராக் கொஞ்சம் யோசித்தாள். எதையும் இல்லை என்றாள். காற்று அடித்தால் கொஞ்சம் கனம், அவ்வளவுதான். சும்மா கூட வரும். சொல்லிவிட்டு, பெட்டியின் பக்கம் திரும்பியே பார்க்காமல், கீழே இருக்கிறேன் என்று படியிறங்கிப் போய்விட்டாள்.

துளசிமணி கடைசி ஊக்கைத் தோளில் குத்தி முடித்தாள். மீந்த ஒன்றை வாயிலிருந்து எடுத்துத் தாலிக்கொடியில் மாட்டிக்கொண்டாள். அரக்குப் பட்டில் நின்றவளை அரை நிமிஷம், கல்யாணமான புதிதில் இருந்த ஆளாகிப்போய், நாச்சிமுத்து பார்த்துக்கொண்டு நின்றார். "என்னங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்க?" என்றாள். "இதையத்தான். குத்தறதா வேண்டாமான்னு." "செத்தவரு பொருளுன்னு ரோசனை பண்றீங்களாக்கும்." இவர் மின்விசிறியைத் தேடினார். இந்த ஊரில் மின்விசிறி கிடையாது. சுவரைப் பார்த்தார். "புள்ளைக்கு ஒண்ணு ஆயிரக்கூடாது பாரு, துளசி. அதான் பயமா இருக்குது" என்று கடைசியில் சொல்லியே விட்டார். துளசிமணி சிரிக்கவில்லை. கிட்டே வந்து அவர் கோட்டுக் காலரை இழுத்துச் சரிசெய்தாள், அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. "பயம் எனக்கில்லீங்களா? அன்னைக்கு மண்டபத்துல மாலையக் கையில புடிச்சுக்கிட்டு, ஆருக்குப் போடறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு நின்னீங்க. என்னால பாக்க முடியலீங்க. இன்னைக்கு அவரா வந்திருக்காரு. வந்த சம்பந்திய வாசல்லயே நிறுத்திப்போட்டு, உங்கள வாங்கன்னு கேக்கறதுக்கு எனக்குப் பயமா இருக்குதுங்கன்னு சொல்லுவீங்களா?" என்றாள்.

நாச்சிமுத்து பெட்டியைத் திறந்தார். மேல்துணியை மட்டும், மோராக் காட்டின இடத்தில், அந்த நூல் சுருண்ட இடத்துக்குப் பக்கத்திலேயே பிடித்து, வாளைக் குத்தினார். ஓர் அடி வைத்தார், இன்னோர் அடி வைத்தார். கால் தடையில்லாமல் போனது. துணி ஆடினபோது அது கூடவே ஆடியது, நின்றபோது நின்றது. "அப்பா, வண்டி வந்துருச்சு" என்று கீழேயிருந்து மிருதுளா கூப்பிட்டாள். குரலில் அவ்வளவு சந்தோஷம், பள்ளிக்கூடத்தில் சுற்றுலாப் போன அன்றைக்கு அப்படித்தான் கூப்பிட்டாள். படியில் இறங்கும்போது வெள்ளி தொடையில் லேசாகத் தட்டித் தட்டி வந்தது. பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை, அதுவும் ஒரு பக்கமாக வந்துகொண்டுதான் இருந்தது, வரட்டும். படியடியில் மோராக் நின்றிருந்தாள். அவள் கண் முழங்காலுக்கு மேலே போய் நின்றதையும், கை வாயைப் பொத்திக்கொண்டதையும் பார்த்தார். அவருக்குள் மண்டபத்து வாசலில் நின்று வரவேற்கிற ஆள் ஒருவர் நிமிர்ந்தார். இரண்டு கையையும் கூப்பி, தெருவுக்கே கேட்கிற குரலில், "வாங்க சம்பந்தி, வாங்க வாங்க" என்றார். மோராக் தன்னைத்தான் வரவேற்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளும் கையைக் கூப்பினாள். ஈரோட்டில் கற்றுக்கொண்ட ஒரே வார்த்தையை உருட்டி உருட்டி, "வாங்க" என்றாள்.